வெஸ்ட் ஸ்டோ ஆங்கிலோ-சாக்சன் கிராமம்: கேம் மாஸ்டர்களுக்கான மதிப்புரை

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் ஃபேன்டஸி ஆர்பிஜிகளில் வரும் கிராமங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. புகைபோக்கி வைத்த மாடிச் சத்திரம், கூடத்தில் மேசை நாற்காலி, தட்டில் உருளைக்கிழங்கு, ஒரு ராத்தங்கலுக்கு ஒரு தங்கக் காசு. ‘ஆங்கிலோ-சாக்சன் பாணி உலகம்’ என்று கேம் மாஸ்டர், அதாவது கதை சொல்லி ஆட்டத்தை நடத்துபவர், முன்னுரை கொடுத்துவிட்டு இதையே பரிமாறினால் புது மொந்தையில் பழைய கள்தான். ஊர்ப் பெயர்கள் மட்டும் மாறியிருக்கும்.

இந்த அச்சை உடைக்க உதவும் இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரிலிருந்து சுமார் 10 கி.மீ. தள்ளி, லார்க் ஆற்றோரம் இருக்கிறது வெஸ்ட் ஸ்டோ. வட ஐரோப்பாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ஆங்கிலோ-சாக்சன் குடியேறிகள் ஏறத்தாழ கி.பி. 420 முதல் 650 வரை வாழ்ந்த இடம். அவர்கள் போன பிறகு காற்று அள்ளி வந்த மணல் மேடாக மூடிவிட்டதால், பிற்கால ஏரின் கொழு அடிவரை போய்க் கலைக்கவில்லை. 1965 முதல் 1972 வரை ஸ்டான்லி வெஸ்ட் தலைமையில் நடந்த அகழாய்வில் ஏறத்தாழ 70 குழிவீடுகளும் 7 சிறு மண்டபங்களும் வெளிப்பட்டன. எண்ணிக்கையைப் பார்த்துப் பேரூர் என்று நினைத்துவிடக் கூடாது. இருநூறு ஆண்டுகளில் கட்டியதும் கைவிட்டதும் சேர்ந்த கணக்கு அது. ஒரே நேரத்தில் மூன்று நான்கு குடும்பங்கள் இருந்திருக்கும் என்பதே அகழாய்வாளர்களின் கணிப்பு. 1970களின் நடுவிலிருந்து அதே இடத்தில், அதே அளவுகளில், அந்தக் காலத்துக் கருவிகளின் நகல்களைக் கொண்டே வீடுகளை மறுபடி கட்டத் தொடங்கினார்கள்.

இது தீம் பார்க் அல்ல, ஒரு சோதனைக்களம். எந்த இரண்டு வீடும் ஒரே மாதிரி இல்லை, ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு யூகத்தைச் சோதிக்கக் கட்டியது. தோற்றுப்போன யூகத்தையும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் இந்த இடத்தின் பெரிய பலம். கேம் மாஸ்டருக்குத் தேவை அழகான படம் இல்லை; எது முடியும், எது முடியாது என்ற கட்டுப்பாடு. அது இங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது.

குழிவீடு: ஆறே கட்டம்

குழிவீடு என்பது நீள்சதுரக் குழி ஒன்றின் மேல் கூரை போட்டது. இந்த வகைக் கட்டடம் இங்கிலாந்தின் கிழக்கிலும் தெற்கிலும் பரவலாகக் கிடைக்கிறது. குழி பொதுவாக 4 மீட்டருக்கு 3 மீட்டர் அளவு, ஆழம் 30 முதல் 50 செ.மீ. முனைக்கொரு தூண், அல்லது மும்மூன்றாக ஆறு தூண், மேலே மோட்டுவளை, அதிலிருந்து சரிந்து இறங்கும் கைமரங்கள், அதன்மேல் வேய்ந்த கூரை.

விவாதம் தரையில்தான் தொடங்குகிறது. குழியின் அடியே நடமாடும் தரையா, அல்லது குழியை மூடிப் பலகை பாவி அதன்மேல் புழங்கினார்களா? பழைய பாடம் முதலாவதைச் சொன்னது; இருட்டுப் பொந்தில் வாழ்ந்த அரைகுறை மனிதர்கள் என்ற சித்திரம் அதிலிருந்து வந்ததுதான். அகழாய்வாளர் ஸ்டான்லி வெஸ்ட் இரண்டாவது கட்சி. மணற்பாங்கான நிலத்தில் குழியின் ஓரத்தை நாலு பேர் மிதித்தால் சரிந்துவிடும். அகழ்ந்த குழிகளில் அப்படிச் சரிந்த தடயம் இல்லை என்றார். வெஸ்ட் ஸ்டோவில் இரண்டு வகையும் கட்டியிருப்பதால், ஒன்றிலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறிப் பார்த்து நாமே தீர்ப்புச் சொல்லலாம். பலகைத் தரை வீட்டுக்குள் நின்ற பிறகு, மழைக்காலத்தில் குழிக்குள் படுப்பார்கள் என்று நம்புவது கஷ்டம்.

இதை ஆட்ட மேசைக்குக் கொண்டுபோவோம். வழக்கமான போர் வரைபடத்தில் ஒரு கட்டம் ஐந்தடி, அதாவது 1.5 மீட்டர். 4 × 3 மீட்டர் வீடு மூன்று கட்ட நீளம், இரண்டு கட்ட அகலம். மொத்தமே ஆறு. நாலு நாயகர்கள் நுழைந்தால் எதிரிக்கு மிஞ்சுவது இரண்டு கட்டம். சரிந்த கூரைக்கு அடியில் நிமிர்ந்து நிற்க நடுக்கோடு மட்டும்தான். சுவரோரம் போகப் போகக் குனிய வேண்டும். இரண்டு மீட்டரும் அதற்கு மேலும் நீளும் ஈட்டியை இங்கே திருப்பக்கூட முடியாது. வாளை ஓங்கினால் கைமரத்தில் மாட்டும். ஒற்றைப் பக்கக் கூருள்ள சீக்ஸ் கத்திதான் இந்த வீட்டின் ஆயுதம். விதிப்புத்தகத்தில் எல்லோரும் தாவிப் போகும் ‘குறுங்கத்தி’ வரிக்கு இங்கே திடீரென்று உயிர் வந்துவிடும்.

பலகைக்கு அடியில் இருக்கும் அரை மீட்டர் வெற்றிடம் இன்னொரு கொடை. குழந்தை ஒளியலாம், முட்டை முதல் திருட்டுப் பொருள் வரை எதையும் வைக்கலாம், ஆனால் கவசம் போட்ட ஆள் ஊர முடியாது. ரகசியச் சுரங்கம் வேண்டுமென்று கல் அடுக்கத் தேவையே இல்லை.

அப்புறம் புகை. புகைபோக்கி கிடையாது, நடுவீட்டில் அடுப்பு. முகட்டில் ஓட்டை வைத்தால் புகை போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஓட்டை வைத்தால் காற்று இழுக்கும், நெருப்புப் பொறியும் கூடவே மேலே போய்க் கூரையைப் பிடிக்கும். ஓட்டை இல்லாவிட்டால் புகை மேலே தேங்கி, கூரை வைக்கோலின் இடுக்குகள் வழியே மெல்லக் கசியும். பொறி மேலேறுவதற்குள் அணைந்துவிடும். தேங்கிய புகைக்கும் வேலை உண்டு: கூரைப் பூச்சியை விரட்டும், கைமரத்தில் தொங்கும் இறைச்சியைப் பதப்படுத்தும். அதனால் அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவர் நிம்மதியாக இருப்பார், நிற்பவர் இருமுவார். இதை விதியாக்குவது சுலபம்: உள்ளே நிற்பவருக்குப் பார்வை தொடர்பான உருட்டல்களில் பாதகம், உட்கார்ந்தவருக்கு இல்லை. எட்டடி உயர அரக்கனை விருந்துக்கு அழைத்து வீழ்த்த ஒரு விறகடுப்பு போதும்.

மரவேலையை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம். பலகைகள் ரம்பத்தால் அறுத்தவை அல்ல. பச்சை ஓக் மரத்தை நுனியிலிருந்து ஆப்பு வைத்துப் பாதியாக, கால்வாசியாக, அரைக்காலாகப் பிளந்து, கோடரியால் செதுக்கியவை. பிளவு நாரோடு போவதால் பலகை வலுவாக இருக்கும், தண்ணீர் உள்ளே இறங்காது. ஆனால் முறுக்கு விழுந்த மரமோ கணு நிறைந்த மரமோ என்றால் பிளவு திசைமாறி மொத்தமும் விறகாகிவிடும். நேராக வளர்ந்த ஓக் நிற்கும் காடு யாருடையது என்பது ஒரு கிராமத்தின் அரசியலை முடிவுசெய்யப் போதுமான கேள்வி. மரத்தை வெட்டிய பின் காயவிட்டால் ஓக் இறுகிப்போகும், ஆப்பு இறங்காது. ஆகவே வெட்டிய சூட்டோடு வேலை. ‘கோட்டை மதிலுக்குப் பலகை வேண்டும், கிடங்கிலிருந்து எடு’ என்று ஆட்டத்தில் சொல்வது அபத்தமாகத் தெரியத் தொடங்கும்.

தறி: புதையலே இங்கேதான் இருக்கிறது

மற்றதை எல்லாம் விட்டாலும் தறி இருக்கும் வீட்டை விடக் கூடாது. இது நம் ஊர்க் குழித்தறி மாதிரி படுத்திருக்காது. சுவரில் சாய்த்த சட்டம். மேல் உத்தரத்திலிருந்து பாவு நூல்கள் (நெடுக்கு நூல்கள்) தொங்கும். அடியில் கொத்துக் கொத்தாகக் கட்டிய களிமண் வளையங்கள் நூலை இழுத்துப் பிடிக்கும். விழுது கட்டிய கோலை முன்னே இழுத்தால் நூல்களுக்கிடையே ஊடை நுழைய ஒரு வாய் திறக்கும், விட்டால் மறு வாய். ஊடையை, அதாவது குறுக்கு நூலை, மேல்நோக்கி அடிக்க வேண்டும். நெய்பவர் நின்றுகொண்டு, இடமும் வலமும் நடந்துகொண்டே நெய்வார்.

களிமண் வளையம் பார்க்கச் சாதாரணம், கணக்கு நுட்பம். ஒரு நூலுக்கு 20 கிராம் இழுவை வேண்டுமென்றால், 240 கிராம் வளையத்தில் 12 நூல் கட்டலாம். மெல்லிய நூலுக்கு இதே எடை கூடுதல், அறும். சொரசொரப்பான கனத்த நூலுக்குப் போதாது; தொய்ந்து, வாய் சரியாகத் திறக்காது. வளையங்களுக்குள் எடை வித்தியாசம் அதிகமானால் துணி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வளையும். எரிந்த குழிவீடுகளின் தரையில் இந்த வளையங்கள் விழுந்த வரிசை மாறாமல் கிடைத்திருக்கின்றன. தறி நிற்கும்போதே வீடு எரிந்திருக்கிறது. துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல முதல் காட்சி எது?

இப்போது செலவுக் கணக்கு. சென்டிமீட்டருக்குப் பாவில் 10 நூல், ஊடையில் 10 நூல் உள்ள நடுத்தரக் கம்பளித் துணி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு 2,000 மீட்டர் நூல் வேண்டும். 1.5 × 2 மீட்டர் மேலாடைக்கு 3 சதுர மீட்டர், அதாவது 6,000 மீட்டர். தக்களியில் நூற்பவர் மணிக்கு 50 மீட்டர் நூற்றால் அது நல்ல வேகம். நூற்க மட்டும் 120 மணி நேரம். ஒரு நாளைக்கு 8 மணி என்றால் 15 நாள். ஆட்டு மயிர் கத்தரித்து, கழுவி, சீவியது தனி. பாவு ஓட்டி நெய்வதும் தனி. கீழடியில் கிடைத்த தக்களிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கருவி புதிதல்ல. அதன் பின்னால் இருக்கும் மணிக்கணக்குதான் பலருக்கும் புதிது.

இனிமேல் செத்த கொள்ளையனின் மேலாடையை ‘கிழிந்த துணி, மதிப்பில்லை’ என்று எழுத மனம் வராது. வீரர்கள் ஆவேசத்தில் ஒரு தறிவீட்டைக் கொளுத்தினால், அந்தக் கிராமம் குளிர்காலத்தில் என்ன உடுத்தும் என்பதே அடுத்த மூன்று அமர்வுக்கான கதை.

சாயமும் இப்படித்தான். மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த மேடர் வேர் சிவப்பு தரும், ஆனால் சட்டியைக் கொதிக்க விட்டால் பழுப்படித்துவிடும். சுமார் 70 டிகிரிக்குக் கீழேயே வைத்திருக்க வேண்டும். வெப்பமானி இல்லாத காலத்தில் அது கைப்பழக்கம். வோட் செடியின் நீலம் இன்னும் வேடிக்கை: நாட்பட்ட சிறுநீரில் புளிக்க வைத்த தொட்டியிலிருந்து துணி மஞ்சள் கலந்த பச்சையாக வெளிவரும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். மந்திரவாதி என்று ஒரு பாத்திரத்தை உருவாக்கத் திண்டாடுபவர்கள் முதலில் சாயக்காரியை உருவாக்கிப் பார்க்கலாம். நாற்றத்தால் அவள் வீடு ஊருக்கு வெளியே, காற்று ஊரைத் தாண்டிப் போகும் பக்கத்தில்.

சீப்பு, பானை, கேடயம்

காட்சியகத்தில் நகைகளை விட்டுவிட்டு எலும்புச் சீப்புகளின் முன் நிற்க வேண்டும். சிவப்பு மான் ஆண்டுதோறும் வசந்தத்தில் உதிர்க்கும் கொம்பைப் பொறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, சின்னச் சின்னத் தகடுகளாக அறுப்பார்கள். ஒவ்வொரு தகட்டிலும் நார் பல்லின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் சிக்கிலேயே பல் முறியும். கொம்பில் அந்த அகலத்துக்கு ஒரே துண்டு கிடைக்காது என்பதால்தான் பல தகடுகளை வரிசையாக வைத்து, இரு பக்கமும் நீளச் சட்டம் கொடுத்து, இரும்பு ஆணி அடித்து இறுக்குகிறார்கள். பல் அறுப்பது அதற்குப் பிறகு. ரம்பம் கொஞ்சம் கூட ஓடினால் சட்டத்திலும் கீறல் விழும். உற்றுப் பார்த்தால் பழைய சீப்புகளில் அந்தக் கீறல்கள் வரிசையாகத் தெரியும். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய கையின் அவசரம். மந்திரப் பொருள் என்றால் வாளும் மோதிரமும்தானா? இப்படி ஒரு சீப்புக்கு மந்திரம் ஏற்றினால் வீரர்கள் அதைத் தொலைக்கப் பயப்படுவார்கள்.

பானைகள் சக்கரமில்லாமல் கையால் வனைந்து, திறந்த நெருப்பில் சுட்டவை. ஈரம் முழுதாகக் காயாமல் நெருப்பில் வைத்தால் உள்ளே நீராவி கட்டிப் பானை வெடிக்கும். சுட்ட பிறகும் கொஞ்சம் கசியும். கண்ணாடிக் குவளை இருந்தது, ஆனால் அது செல்வந்தர் வீட்டுப் பொருள். ஆகவே ஒவ்வொருவர் இடுப்பிலும் ஆறு கண்ணாடிப் போத்தலில் குணமாக்கும் மருந்து என்பது, ஆறு குட்டி அரண்மனைகளைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி. கொம்புக் குப்பியும் தேன்மெழுகு மூடியும் போதும்.

கேடயம் பற்றி ஒரு வார்த்தை. கல்லறைகளில் கிடைத்தவற்றில் பலகையின் தடிமன் பெரும்பாலும் 6 முதல் 8 மில்லிமீட்டர். அது உடைவதற்கென்றே செய்தது போல. மேலே தோல் போர்த்தினால்தான் பிளவு பரவாது. 10 ஆம் நூற்றாண்டில் மன்னர் ஏதல்ஸ்டானின் சட்டம் கேடயத்துக்கு ஆட்டுத்தோல் போர்த்தக் கூடாது, மீறினால் 30 ஷில்லிங் (அந்தக் காலப் பண அலகு) தண்டம் என்று சொல்கிறது. ஆட்டுத்தோல் மெல்லியது; போர்த்தி மூடிவிட்டால் வாங்குபவருக்குத் தெரியாது. கலப்படக் கேடயம் விற்கும் வியாபாரியை ஆட்டத்தில் வைக்க இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

எது இங்கே கிடைக்காது

வெஸ்ட் ஸ்டோ உழவர் ஊர். அரசர் இல்லை, மடாலயம் இல்லை, கோட்டை இல்லை, காசுப் புழக்கமும் இல்லை. ஆங்கிலோ-சாக்சன்கள் தாங்களே காசு அடிக்கத் தொடங்கியதே 7 ஆம் நூற்றாண்டில்தான். 9 ஆம் நூற்றாண்டு ஆல்ஃபிரட் மன்னர் காலத்து வைக்கிங் போர்களை ஆட நினைப்பவருக்கு இந்த ஊர் முந்நூறு ஆண்டு முந்தையது. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதுதான் இந்த வகை ஆட்டங்களின் பொதுவான தவறு.

அரசர் வேண்டுமென்றால் அதே சஃபோக்கில் சட்டன் ஹூ இருக்கிறது: 1939ல் அகழ்ந்த 27 மீட்டர் கப்பல் கல்லறை. ஆனால் அங்கே கிடைத்த தலைக்கவசமும் பொன்னும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் 41 ஆம் அறையில், இலவசமாகப் பார்க்கலாம். அந்தக் காலத்துப் பொன் வேலைகளில் பதித்த சிவப்புக் கார்னெட் கற்களில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை. கடல் கடந்து வந்த கல் வியாபாரி என்ற பாத்திரத்தைத் தமிழ் ஆட்டக்காரர்கள் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். பல கை மாறித்தான் கல் போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

காயத்துக்கான விதிகள் இந்தக் கிராமத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கின்றன. கென்ட் மன்னர் ஏதல்பெர்ட் கி.பி. 600 வாக்கில் கொடுத்த சட்டம் உடலை உறுப்பு உறுப்பாக விலை போடுகிறது: கண் 50 ஷில்லிங், பாதம் 50, கட்டைவிரல் 20, காது 12, சுண்டுவிரல் 11, கட்டைவிரல் நகம் 3. இருபது முகப் பகடையில் உச்ச எண் விழும்போது எடுக்கும் அட்டவணைக்கு இதை அப்படியே பயன்படுத்தலாம். அடித்தவர் ஜெயித்த சந்தோஷத்தில் இருக்கும்போதே, வெட்டுப்பட்டவரின் உறவினர் கணக்கோடு வந்து நிற்பார்கள். தங்கக் காசாக இல்லை. மாடாக, துணியாக, இரும்பாக வசூலிப்பார்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு

125 ஏக்கர் பூங்காவுக்குள் கிராமம் இருக்கிறது. கிராமத்துக்குள் நுழையக் கட்டணம் உண்டு. வசதியான ரயில் நிலையம் பரி செயின்ட் எட்மண்ட்ஸ், அங்கிருந்து கார். எந்த நாளில் போகிறோம் என்பது முக்கியம். அந்தக் கால வாழ்க்கையை நடித்துக் காட்டும் மறுநடிப்புக் குழுக்கள் வரும் நிகழ்ச்சி நாட்களில் அடுப்பு எரியும், தறி ஓடும், கொல்லரிடம் துருத்தியின் வேகத்தைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், ஆனால் கூட்டத்தில் அளவெடுக்க முடியாது. மற்ற நாட்களில் வீடுகள் அமைதியாக இருக்கும். அளக்க, வரைய, மூலையில் உட்கார்ந்து பார்க்க அதுவே நல்லது. புகை எப்படித் தேங்குகிறது என்பதைப் பார்க்கத் தீ எரிய வேண்டும் என்பதால், ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் நிகழ்ச்சி நாளைத் தேர்ந்தெடுத்து, திறந்ததும் முதல் ஆளாக நுழைவது உத்தமம்.

கேம் மாஸ்டருக்கு ஐந்தில் நாலரை. அரை மதிப்பெண் குறைவது, இடம் ஆரம்ப காலத்தோடு நின்றுவிடுவதால். வாளும் கிரீடமும் பார்க்க வரும் குழுவுக்கு மூன்றுதான் தேறும். அவர்கள் நேரே லண்டனுக்குப் போகலாம்.

அளவுநாடா, கட்டம் போட்ட நோட்டு, ஒரு டார்ச். வீட்டுக்குள் நுழைந்ததும் டார்ச்சைப் போடாமல் கண் பழகும்வரை நின்று, எவ்வளவு நேரத்தில் எதிர்ச் சுவர் தெரிகிறது என்று எண்ண வேண்டும். ‘மங்கிய வெளிச்சம்’ என்ற விதியின் நிஜ அளவு அதுதான். பிறகு குழிவீட்டுக்குள் நாலு பேர் நின்று, கையில் நீளக் குடை இருந்தால் அதை ஈட்டியாக வைத்துத் திரும்ப முயன்று பார்க்கலாம். வேய்ந்த கூரையை மட்டும் குத்திவிடக் கூடாது.